உப்பில்லாத ஐஸ்

றீற்றா அக்காவின் வீட்டு விறாந்தையில் அன்று இருந்தவர்கள்: டொக்டர் நிமலன், அவருக்குப் பக்கத்தில் தாதி உத்தியோகத்தராக நான், எதிரே கதிரையில் கறுப்புச் சேலையோடு றீற்றா அக்கா, கதவுநிலையைப் பிடித்தபடி அவருடைய மகள். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் றீற்றா அக்காவின் கணவர் மரியதாஸ். அவரை அடக்கம் பண்ணி ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. மற்றவர் மரியதாஸின் தம்பி அருளப்பு. அவர் கடலுக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை வாய் திறப்பதில்லை என்று டொக்டர் முடிவெடுத்திருந்தார்.

நாங்கள் சொல்லப் போன செய்தி இதுதான்: அவர்கள் மனமுவந்து தந்த மரியதாஸின் கண்கள் ஒருவருக்கும் உதவவில்லை.

இதை எழுத வைத்தவர்கள் இப்போது வேலையில் இருக்கும் பிள்ளைகள். நான் ஓய்வு பெற்ற பிறகு, உறுப்பு தானம் பற்றிய பயிற்சி வகுப்பு ஒன்றுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது அதற்கென்று தனி ஆட்கள், தனிப் பெட்டி, குளிரின் அளவு காட்டும் கருவி எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் வகுப்பு முடிய ஒரு தாதிப் பிள்ளை வந்து, "அண்ணை, எல்லாம் விளங்குது. ஆனால் செத்த வீட்டுக்காரரிட்டைப் போய் எப்பிடிக் கேக்கிறது? எனக்கெண்டால் வாய் வராது," என்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற பெடியன், "அந்தக் காலத்தில தீவில இருந்து ஒருக்கா அனுப்ப என்ன செலவு முடிஞ்சிருக்கும்?" என்று கேட்டான். இரண்டு கேள்விக்கும் பதில் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். தகப்பனார், எங்கள் அப்பு, மண்கும்பானில் மாட்டுவண்டிலில் மணல் ஏற்றினவர். பள்ளிக்கூடம் என்றால் அவருக்கு மணல் இறக்கிவிட்டு வந்த ஒரு கட்டடம். தாதியர் பயிற்சி முடித்து வெள்ளை உடுப்போடு நான் வீட்டுக்குப் போன அன்று, "ஊத்தை பிரளாத வேலையோ?" என்று மட்டும் கேட்டார். பிரளும் என்றேன். "அப்ப சரி," என்றார். பயிற்சிக் காலத்தைப் பற்றி வேறு சொல்ல ஒன்றும் இல்லை. இடம்பெயர்ந்ததும் திரும்பி வந்ததுமாக, எரிந்தும் அணைந்தும் நின்ற வெளிச்சத்தில் எலும்புகளின் பெயர்களைப் பாடமாக்கியதுமாக அந்த வருடங்கள் ஓடிப்போயின.

சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலத்தில் எனக்கு நெடுந்தீவுக்கு நியமனம் வந்தது. அங்கே எங்களுக்குத் தலைமைத் தாதி பிலோமினா மிஸி. அந்தத் தீவிலேயே பிறந்தவர். எந்த வீட்டில் யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று நித்திரையிலும் சொல்லுவார். அற்றென்டன் கந்தையா அண்ணை. எங்கள் எல்லாருக்கும் மேலே டொக்டர் நிமலன்.

டொக்டர் முன்பு கொழும்பில் கண் சிகிச்சைப் பிரிவில் இருந்தவர். வந்த கொஞ்ச நாளில் எங்களை இருத்தி விசயத்தைச் சொன்னார். கருவிழிக்கு மேலே கண்ணாடி போல ஒரு படலம் இருக்கிறது. அது வெளிறிப்போய்ப் பார்வை இழந்தவர்களுக்கு, இறந்தவரின் படலத்தை எடுத்து வைக்கலாம். இறந்து சில மணித்தியாலங்களுக்குள் கண்ணை எடுத்துக் குளிரில் வைத்து அனுப்பினால், யாழ்ப்பாணத்தில் சத்திர சிகிச்சை செய்ய ஆள் இருக்கிறது.

கந்தையா அண்ணைதான் முதலில் வாய் திறந்தார். "டொக்டர், ஊசி போடவே சனம் பயப்பிடுது. கண் பிடுங்கினம் எண்டு கதை போச்செண்டால் காய்ச்சலுக்கும் வராயினம்."

பிலோமினா மிஸி மடியில் கை வைத்தபடி, "கடைசி நாளில எல்லாரும் உயிர்த்து எழும்பேக்குள்ள நான் மட்டும் தடவிக்கொண்டே எழும்புறது?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

எனக்கும் உள்ளுக்குள் ஒரு கதை இருந்தது. கண்ணைக் கொடுத்தவன் அடுத்த பிறப்பில் குருடனாய்ப் பிறப்பான் என்று எங்கள் அம்மா சொல்லுவா. உயிர்த்தெழுதலை நம்பிய மிஸியும் மறுபிறப்பை நம்பிய நானும் வேறுவேறு பாதையால் வந்து ஒரே இடத்தில் நின்றோம். மருந்து தெரிந்தவர்கள், உடம்பைத் திறந்து பார்த்தவர்கள் நாங்கள். ஆனால் அந்தப் படிப்பு இந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

டொக்டர் எங்களோடு வாதாடவில்லை. "நீங்கள் தரவேணும் எண்டு நான் கேக்கேல்லை. மற்றவையிட்டைக் கேக்கப் பழகுங்கோ. அது காணும்," என்றார்.

கேட்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. நின்றுகொண்டு கேட்கக் கூடாது. கதிரை இல்லாவிட்டால் நிலத்தில் இருக்க வேண்டும். இறந்தவரைப் பெயர் சொல்லித்தான் குறிப்பிட வேண்டும், 'பொடி' என்ற சொல் வாயில் வரக் கூடாது. புண்ணியம், தியாகம் என்று ஒன்றும் பேசக் கூடாது. கேள்வி ஒன்றுதான். கேட்டுவிட்டு வாயை மூட வேண்டும். அவர்கள் மாட்டோம் என்றால் உடனே எழும்பக் கூடாது. கொஞ்ச நேரம் இருந்து, வேறு என்ன உதவி வேண்டும் என்று விசாரித்துவிட்டுத்தான் எழும்ப வேண்டும். "இல்லையெண்டு சொன்ன ஆக்கள் பிறகு எங்களைக் கண்டு ஒளிக்கிற மாதிரி வரக்கூடாது," என்பார்.

ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. சிலர் மறுத்தார்கள். பலரிடம் நாங்கள் கேட்கவேயில்லை. கந்தையா அண்ணை போய்ப் பக்கத்தில் இருப்பார், மழை தண்ணியைப் பற்றிக் கதைப்பார், எழும்பி வருவார்.

"கேட்டனீங்களோ?" என்பார் டொக்டர்.

"கேட்டனான் டொக்டர். ஆனால் வாயால கேக்கேல்லை."

மரியதாஸைக் கடற்கரையிலிருந்து ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வலையை இழுக்கும்போது நெஞ்சைப் பிடித்தபடி இருந்தவர் பிறகு எழும்பவில்லை. டொக்டர் செய்யக்கூடியது எல்லாம் செய்தார். மதியத்துக்கு முன் முடிந்துவிட்டது. நான் அவருடைய இமைகளை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, தலையைக் கொஞ்சம் உயர்த்தி, காற்றாடியை நிறுத்தினேன். இவ்வளவும் கண் காயாமல் இருக்கச் செய்வது. செய்துவிட்டு நிமிர்ந்தபோது, இனிக் கேட்க வேண்டியவன் நான்தான் என்று விளங்கியது.

றீற்றா அக்கா வாசலில் கிடந்த மரவாங்கில் இருந்தார். பக்கத்தில் அருளப்பு நின்றார். நான் போய் வாங்கின் மற்ற முனையில் இருந்தேன்.

"றீற்றா அக்கா, மரியதாஸ் அண்ணையின்ரை கண் ரெண்டையும் பார்வை இல்லாத ஆக்களுக்குக் குடுக்க உங்களுக்கு விருப்பமோ?"

ஒரே மூச்சில் கேட்டுவிட்டு வாயை மூடினேன். அருளப்பு ஒரு அடி முன்னுக்கு வந்தார். "நீர் என்ன கதை கதைக்கிறீர்? ஆள் இன்னும் ஆறேல்லை."

றீற்றா அக்கா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். பிறகு நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"கலியாணம் கட்டின நாளில இருந்து அந்தாள் என்னைப் பார்த்ததிலும் பார்க்கக் கடலைப் பார்த்ததுதான் கூட. அந்தக் கண்ணால இனி ஆரெண்டாலும் வீட்டைப் பார்க்கட்டும். எடுங்கோ." கொழுந்தன் பக்கம் திரும்பினார். "அருளப்பு, நீதான் கொண்டுபோய்க் குடுக்கவேணும். வேறை ஒருத்தரின்ரை கையிலையும் குடுக்கமாட்டன்."

அன்றைய பயணப் படகு எப்போதோ போய்விட்டிருந்தது. அருளப்பு தன் படகை ஆயத்தப்படுத்தப் போனார்.

டொக்டர் அந்த வேலையைச் செய்த விதத்தை நான் பிறகு எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கை கழுவி, உறை போட்டு, கட்டிலருகே வந்து நின்று, "மரியதாஸ், தொடங்கப் போறன்," என்றார். உயிரோடு இருக்கும் நோயாளிக்குச் சொல்வது போல ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லித்தான் செய்தார். ஏன் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "சொல்லாமல் தொட்டால் கை அவசரப்படும்," என்றார். எடுத்த இடத்தில் பஞ்சை உருட்டி வைத்து இமைகளைப் பொருத்தி மூடினார். றீற்றா அக்கா வந்து துணியை விலக்கிப் பார்த்து, "நித்திரை மாதிரித்தான் கிடக்கு," என்றார்.

கண்கள் இரண்டையும் ஈரப்பஞ்சின் மேல் வைத்து, இறுக்கி மூடிய இரண்டு சிறு போத்தல்களில் போட்டோம். போத்தல்களை ஒரு தகரப் பேணிக்குள் வைத்தோம். அருளப்பு மீன் வாங்கி ஐஸில் வைக்கும் வாடியிலிருந்து, றெஜிபோம் என்ற வெள்ளை நுரைப்பெட்டி ஒன்று நிறைய உடைத்த ஐஸ் கொண்டுவந்திருந்தார். டொக்டர் ஐஸுக்குள் கை விட்டுப் பார்த்து, "நல்ல குளிர்," என்றார். பேணியை நடுவில் புதைத்து மூடியைக் கட்டினோம். பெட்டியோடு நானும் அருளப்புவின் படகில் போனேன்.

குறிகட்டுவான் இறங்குதுறையில் கடற்படைப் பெடியன் ஒருவன் பெட்டியைத் திறக்கச் சொன்னான். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னேன். அவன் மூடியில் வைத்த கையை எடுத்துவிட்டான். தன் தாயும் கண் கொடுக்க எழுதி வைத்திருக்கிறா என்று சொல்லி, வரிசையில் நின்றவர்களை விலக்கி எங்களை முன்னால் விட்டான். எங்கள் ஆஸ்பத்திரியில் அப்படி எழுதி வைத்தவர் டொக்டரைத் தவிர ஒருவரும் இல்லை என்று அந்த நேரம் நினைத்தேன். படகை விட்டு வர ஏலாமல் அருளப்பு அங்கேயே நின்றுகொள்ள, நான் ஒரு வான் பிடித்து யாழ்ப்பாணம் போனேன்.

ஆஸ்பத்திரி நடைவழியில் ஒரு பெண் கதிரையில் இருந்தாள். இரண்டு கண்ணும் பால் விட்டது போல வெளிறியிருந்தன. எங்கள் டொக்டர் அறிவித்த நேரத்திலிருந்து சாப்பிடாமல் இருக்கச் சொல்லியிருந்தார்களாம். கணவன் உடுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தான்.

கண் டொக்டர் போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஆட்டினார். பஞ்சும் கண்ணும் ஒட்டிக் கல்லாக நின்றன. மற்றப் போத்தலும் அப்படித்தான். பெட்டியில் உருகியிருந்த தண்ணீரில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு," என்றார். "உப்புச் சேர்ந்தால் ஐஸ் இன்னும் கடுமையாய்க் குளிரும் தம்பி. கண் உறைஞ்சு போச்சு. உறைஞ்ச படலம் உதவாது."

அந்தப் பெண்ணிடம் அவரே போய்ச் சொன்னார். அவள் தலையாட்டினாள். கணவன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அவளுடைய கையைப் பிடித்தான். அவர்கள் நடந்து போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இறங்குதுறையில் அருளப்பு காத்திருந்தார். "நேரத்துக்குக் குடுத்தாச்சோ?"

"குடுத்தாச்சு."

படகு கொஞ்சத் தூரம் போன பிறகு, இயந்திரச் சத்தத்துக்கு மேலால் சொன்னார்: "ஐஸுக்கு உப்புப் போட்டனான் தம்பி. சும்மா ஐஸை நம்பேலாது. உப்புப் போட்டால்தான் பாரை மீன் எண்டாலும் கல்லு மாதிரி நிக்கும். அண்ணையின்ரை கண்ணெல்லே. ரெண்டு சிறங்கை கூடப் போட்டனான்."

நான் கடலைப் பார்த்தேன்.

அடக்கம் முடிந்த பிறகு ஆஸ்பத்திரியில் இதைப் பற்றிப் பெரிய கதை நடந்தது. பிலோமினா மிஸி, "சொல்லாதேங்கோ டொக்டர்," என்றார். "றீற்றா கோயிலடியில நிண்டு, தன்ரை மனுசன்ரை கண்ணால ஆரோ ஒருத்தர் பார்க்கினம் எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிறாள். அது ஒண்டுதான் இப்ப அவளுக்கு ஆறுதல். அருளப்பு அதிலும் பாவம். தமையனைத் தானே ரெண்டாந்தரம் சாகடிச்சதெண்டு நினைப்பான்."

"சொன்னால் இந்தத் தீவில இனி ஒருத்தரும் தராயினம்," என்றார் கந்தையா அண்ணை. "ஒருக்காத் தந்ததையும் பழுதாக்கிப் போட்டினம் எண்டுதான் கதை வரும்."

டொக்டர் எல்லாவற்றையும் கேட்டார். "நீங்கள் சொல்லுறது சரியாயும் இருக்கலாம்," என்றார். "ஆனால் நாங்கள் சொல்லாட்டில் அடுத்த முறையும் உப்புத்தான் வரும்."

அதனால்தான் அந்த விறாந்தையில் போய் இருந்தோம். தேத்தண்ணி வந்தது, குடித்தோம். டொக்டர் மகளின் படிப்பைப் பற்றிக் கேட்டார். காற்றுப் பெயர்ந்ததைப் பற்றிக் கதைத்தார். றீற்றா அக்கா இரண்டு தரம், "டொக்டர், சொல்ல வந்ததைச் சொல்லுங்கோ," என்றார். "அருளப்பு வரட்டும்," என்று மட்டும் பதில் வந்தது.

அருளப்பு நனைந்த சாரத்தோடு வந்து தூணருகே குந்தினார். டொக்டர் தன் கதிரையை விட்டு இறங்கி அவருக்கு எதிரே நிலத்தில் இருந்தார். நானும் இறங்கினேன்.

"மரியதாஸின்ரை ரெண்டு கண்ணும் நல்ல கண்," என்றார். "போற வழியில உறைஞ்சு பழுதாப்போச்சு. ஐஸில உப்பு இருந்தது. மீனுக்கு அது சரி, கண்ணுக்குக் கூடாது. உப்புப் போடாதேயும் எண்டு நான் உமக்குச் சொல்லியிருக்கவேணும். இந்தக் கடற்கரையில ஐஸ் எப்பிடி வைக்கிறவை எண்டு நான் கேட்டறியேல்லை. அது என்ரை பிழை."

அருளப்பு தன் கைகளைப் பார்த்தார். "பழுதாகக் கூடாதெண்டுதானே டொக்டர்," என்றார்.

"அப்ப ஒருத்தரும் பார்க்கேல்லையோ?" என்று கேட்டார் றீற்றா அக்கா.

"இல்லை அக்கா," என்றார் டொக்டர்.

றீற்றா அக்கா எழும்பிக் குசினிக்குள் போனார். பாத்திரங்கள் தட்டுப்படும் சத்தம் கேட்டது. அருளப்பு எழும்பிப் படலையைத் தாண்டிப் போனார். முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன், எல்லாமே முடிந்தது என்று. நாங்கள் புறப்படும் நேரம் றீற்றா அக்கா வாசலுக்கு வந்தார். அழுத முகம்.

"கட்டாப் பாரைக்குப் போட்ட மாதிரி அள்ளிப் போட்டிருக்கிறான்," என்றார். பிறகு, "உப்பில்லாத ஐஸ் யாழ்ப்பாணம் மட்டும் தாங்குமோ?" என்று கேட்டார்.

"மூடியைத் திறக்காட்டில் தாங்கும்," என்றார் டொக்டர்.

றீற்றா அக்கா தலையாட்டிவிட்டு உள்ளே போனார்.

கந்தையா அண்ணை பயந்தது போலக் கதை பரவத்தான் செய்தது. ஆனால் அவர் நினைத்த மாதிரி அல்ல. டொக்டர் நிலத்தில் இருந்து சொன்னதைத்தான் சனம் சொன்னது. அருளப்பு மட்டும் எங்களைக் கண்டால் மற்ற ஒழுங்கையால் போனார்.

அடுத்த மாரி முடிந்த கையோடு பிலோமினா மிஸியின் தாயார் எங்கள் வார்ட்டிலேயே காலமானார். பகல் நேரம். டொக்டர் என்னைப் பார்த்தார். நான் போகாவிட்டால் அவரே போவார் என்று தெரியும். ஆனால் மிஸி எனக்கு ஊசி பிடிக்கப் பழக்கியவர். அவரிடம் கேட்பது மற்றவரிடம் கேட்பது போல இல்லை. கதிரையை இழுத்துப் போட்டு அருகில் இருந்தேன்.

"மிஸி, அம்மான்ரை கண்ணைக் குடுக்க உங்களுக்கு விருப்பமோ?"

வாயை மூடினேன். மிஸி தாயின் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நீர் கேப்பீரோ எண்டுதான் பார்த்துக்கொண்டிருந்தனான்," என்றார். "கேக்காமல் விட்டிருந்தால், ஊரவைக்கு ஒரு ஞாயம், எங்களுக்கு ஒரு ஞாயம் எண்டு நினைச்சிருப்பன்."

"உயிர்த்தெழும்புற நாள், மிஸி?"

"சுவாமியாரைக் கேட்டனான். மண்ணில இருந்து ஆளை எழுப்புறவருக்கு ரெண்டு கண் செய்ய ஏலாதோ எண்டு என்னை ஏசினார்." மூக்கைத் துடைத்தார். "அம்மாவுக்குக் கண்ணில கற்றரைக் வெட்டினது. உதவுமோ எண்டு டொக்டரைக் கேளும்."

முன்படலம் தெளிவாக இருந்தால் உதவும் என்றார் டொக்டர். தெளிவாக இருந்தது. இனி ஐஸ் வேண்டும், படகு வேண்டும். கந்தையா அண்ணை கடற்கரைக்கு ஓடினார். திரும்பி வந்தபோது அவருக்குப் பின்னால் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அருளப்பு வந்தார். எங்கள் ஒருவரையும் பார்க்காமல் பெட்டியைக் கீழே வைத்து, மூடியைத் திறந்து, ஒரு துண்டு ஐஸை எடுத்து வாயில் போட்டார். இன்னொரு துண்டை டொக்டரிடம் நீட்டினார். டொக்டரும் வாயில் போட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி ஐஸ் சூப்பிக்கொண்டு நின்றதை மிஸி வாசலில் நின்று பார்த்தார். தாய் இறந்த அன்று அவர் சிரித்தது அந்த ஒரு நேரந்தான்.

"உப்பில்லை," என்றார் டொக்டர்.

"பெட்டியிலும் இல்லை," என்றார் அருளப்பு. "மீன் பெட்டியெல்லே, உப்பு ஊறியிருக்கும். எங்கடை கிணத்துத் தண்ணியால கழுவினால் அதுவும் உவர். றீற்றா மச்சாள்தான் வீட்டில கிடந்த நல்ல தண்ணி முழுக்கத் தந்தவ. நாலு தரம் கழுவினது. ஒவ்வொரு தரமும் நக்கிப் பார்த்தனான்."

இந்த முறை அவர் படகோடு நிற்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு வானில் வந்தார். வழியில் ஒருதரமும் மூடியைத் திறக்க விடவில்லை. ஆஸ்பத்திரி நடைவழியில் அதே பெண், அதே உடுப்புப் பை, அதே கணவன். அவர்கள் யார் என்று நான் அருளப்புக்குச் சொல்லவில்லை. அவராகவே அவளுடைய கண்ணைப் பார்த்துவிட்டுக் கணவனிடம், "சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டார்.

"சாப்பிடக் கூடாதாம் அண்ணை."

"ஓம் ஓம். சாப்பிடாதேங்கோ," என்று சொல்லிவிட்டு எழும்பிச் சுவரோரம் போய் நின்றார்.

கண் டொக்டர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்து ஆட்டினார். பஞ்சின் மேல் கண் மெல்ல வழுக்கியது. "இது சரி," என்றார். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணை உள்ளே கூட்டிப்போனார்கள்.

தாயை அடக்கம் பண்ணிய பிறகு மிஸி தானும் கண் கொடுப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனையை மேசையில் வைக்காமல் என்னிடம் நீட்டினார். நான் வாங்கி என் பெயரையும் எழுதினேன். எங்கள் அம்மாவுக்கு அதைச் சொல்ல எனக்கு இன்னும் இரண்டு வருடம் எடுத்தது. பிறகு சண்டை திரும்ப வந்து கடல் மூடியபோது எங்கள் வேலையும் நின்றது. ஆனால் கேட்கத் தெரிந்தவர்கள் அந்த ஆஸ்பத்திரியில் இருந்தார்கள், கடல் திறந்ததும் கேட்டார்கள்.

தாதிப் பிள்ளைக்கு என் பதில் இவ்வளவுதான்: கதிரையை இழுத்துப் போட்டு இரும் பிள்ளை, பெயரைச் சொல்லிக் கேளும், பிறகு வாயை மூடும்.

செலவு கேட்ட தம்பிக்கு: ஐஸுக்கு வாடிக்காரர் காசு வாங்கவில்லை. படகுக்கு மண்ணெண்ணெய் ஒரு கான், அது அருளப்புவின் கணக்கு. பெட்டி கழுவ நல்ல தண்ணி நாலு குடம். அன்று றீற்றா அக்கா வீட்டில் சோறு வைக்கத் தண்ணி மிஞ்சாததால், கடையில் வாங்கின பாண் இரண்டு றாத்தல்.